தென்னாப்பிரிக்காவில் வலி மருத்துவ நிபுணர் ஆவது எப்படி?

கேள்வி: டர்பனில் டாக்டராக என் கட்டாய சமூக சேவை வருடம் முடியப் போகிறது. வலி மருத்துவத்தில் ஸ்பெஷலிஸ்ட் ஆக என்ன வழி?

தம்பி, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் பதிவேட்டில் வலி மருத்துவம் என்று தனித் துறையே கிடையாது. அதனால் இன்னொரு துறையின் வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மயக்கவியல் (அனஸ்தீசியா). அதாவது ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணர் பயிற்சி மருத்துவர், இடம் பிடித்து நாலு வருடப் பயிற்சி, கூடவே எம்.மெட். என்ற முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வு, அப்புறம் மருத்துவக் கல்லூரிகள் அமைப்பு நடத்தும் எஃப்.சி.ஏ. என்ற மயக்கவியல் நிபுணர் தேர்வு. இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு, தேர்வு கூட அடுத்த கவலை.

அதற்குப் பிறகுதான் வலி மருத்துவம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வலி மேலாண்மைக்கு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட், மனநல ஆட்களோடு சேர்ந்து படிக்கலாம், என்னைக் கேட்டால் நாள்பட்ட வலியைப் புரிந்துகொள்ள அதுவே சரியான கூட்டம். ஊசி, நரம்புத் தடுப்பு மாதிரி செய்முறைகளில் ஆர்வம் என்றால் உலக வலி நிறுவனம் இத்தகைய செய்முறைகளுக்காக நடத்தும் எஃப்.ஐ.பி.பி. தேர்வு இருக்கிறது. மதிப்பு உண்டு, ஆனால் அதைக் காட்டி இங்கே ஸ்பெஷலிஸ்ட் பதிவு வாங்க முடியாது.

பெயர்ப்பலகையிலேயே வலி நிபுணர் என்று சட்டப்படி போட ஆசையா? ஆஸ்திரேலியாவில் 2005 முதல் அது தனித் துறை. அங்குள்ள பயிற்சி இரண்டு வருடம், மயக்கவியலார் மட்டுமில்லாமல் மனநலம், அறுவை, மறுவாழ்வு மருத்துவம் படித்தவர்களும் சேரலாம். இங்கேயே இருப்பதாக இருந்தால் முதலில் வலி கிளினிக் நடக்கும் மயக்கவியல் துறையாகப் பார்த்து விண்ணப்பம் போடு.