ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 பைக் எனக்குச் சரிவருமா? உயரம் 5 அடி 4 அங்குலம். தினமும் ஆபீஸ், அவ்வப்போது மனைவியுடன் நெடும்பயணம்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சீட் உயரம் 740 மி.மீ.தான், இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியும். யோசிக்க வேண்டியது 241 கிலோ எடையை. ஓடும்போது அது தெரியாது, பார்க்கிங்கில்தான் தெரியும். ஷோரூமில் எஞ்சினை அணைத்துவிட்டு, லேசான சரிவில் உட்கார்ந்தபடியே பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் தினசரி ஆபீஸுக்கு இந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது முதுகு. ஃபுட்பெக் (கால் வைக்கும் கம்பி) முன்னால் இருப்பதால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழ முடியாது. பின்பக்க சஸ்பென்ஷன் நகர்வும் 101 மி.மீ. மட்டுமே. அதனால் அடி நேராக இடுப்பெலும்பில் இறங்கும். ஏற்கெனவே இடுப்புவலி இருந்தால் இதே எஞ்சின் உள்ள இன்டர்செப்டர் பைக்கையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட் ரைடுக்கு மனைவியையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். தரை இடைவெளி 135 மி.மீ.தான். இருவர் உட்கார்ந்தால் உயரமான வேகத்தடையில் அடிப்பாகம் உரசலாம். பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஓரிரு படி ஏற்றினால் கொஞ்சம் குறையும்.

நெடுஞ்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் அலட்டாமல் ஓடும், 15.7 லிட்டர் டேங்க் நெடுந்தூரம் தாங்கும். ஆனால் நகர நெரிசலில் எஞ்சின் சூடு காலில் அடிக்கும். மாதக்கணக்கில் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதவர் என்றால், மீட்டியார் 350 போதும்.