கணினிக் கேள்வி பதில்: அப்பாவின் போனில் மட்டும் மூடிவிடும் செயலி

கேள்வி: அப்பா கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரி. அன்றன்றைய விலை பார்க்க அவருக்கு ஒரு அன்ட்ராய்ட் செயலி எழுதுகிறேன். விலைப்பட்டியல் இப்போதைக்கு என் லப்டொப்பில் ஓடும் சேர்வரில் இருக்கிறது, முகவரி 10.0.2.2, போர்ட் 8080. எமியூலேற்றரில் (லப்டொப்புக்குள் ஓடும் போலிப் போன்) வேலை செய்கிறது, ஆனால் 8 ஜிபி ரம் என்பதால் லப்டொப் இழுபடுகிறது. அப்பாவின் போனில் போட்டால் திறந்த கொஞ்ச நேரத்தில் மூடிவிடுகிறது. என்ன செய்ய? (வாசகி, கொடிகாமம்)

பதில்: தங்கச்சி, எமியூலேற்றரை மூடிவிடுங்கள். செயலி எழுதும் அன்ட்ராய்ட் ஸ்டூடியோவோடு சேர்த்து அதை ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அப்பாவின் போன் போதும். செற்றிங்ஸில் பில்ட் நம்பரை 7 தரம் தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை (கேபிள் வழியே கணினி போனைச் சோதிக்க விடும் வசதி) ஒன் செய்து கேபிளைச் செருகுங்கள். இந்தக் கணினிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று போன் கேட்கும். கேட்காவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் ஏறும், டேட்டா போகாது என்ற வகைக் கேபிள்கள் உண்டு. அப்படி ஒன்றோடு நான் இரண்டு நாள் மினக்கெட்டேன். லப்டொப்பில் போனுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் மருமகளின் கேபிளைச் செருகிய உடனே போனின் பெயர் திரையில் வந்தது.

சரி, இனி ஸ்டூடியோவில் லொக்கற் (Logcat, போனில் நடப்பதை வரி வரியாகக் காட்டும் இடம்) பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செயலியை ஓட்டுங்கள். அது மூடும்போது ஃபேற்றல் எக்ஸெப்ஷன் (FATAL EXCEPTION, செயலியை மூடவைத்த பிழை) என்ற வரி வரும். அதன் கீழே "கோஸ்ட் பை" (Caused by, இதனால் வந்தது) என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நீங்கள் எழுதிய கோப்பின் பெயரும் வரி எண்ணும் அங்கேயே இருக்கும். இதை வாசிக்காமல் கோட் வரிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். தயவுசெய்து வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்க்க, அந்த முகவரியில்தான் எனக்குச் சந்தேகம். 10.0.2.2 என்பது, தான் ஓடும் கணினிக்கு எமியூலேற்றர் வைத்திருக்கும் முகவரி. நிஜப் போனுக்கு அது தெரியாது. கேட்டுக் கேட்டு, பதில் இல்லாமல் பிழை எழுகிறது. அதைப் பிடிக்க உங்கள் கோடில் எதுவும் இல்லாததால் செயலியே மூடுகிறது. ஏடிபி ரிவேர்ஸ் (adb reverse, லப்டொப்பில் இருந்து போனுக்குக் கொடுப்பது) கட்டளையால் போனின் 8080 போர்ட்டை லப்டொப்பின் 8080 உடன் இணைத்து, செயலியில் முகவரியை 127.0.0.1 (போன் தன்னையே குறிக்கும் முகவரி) ஆக்குங்கள். கேள்வி கேபிள் வழியே லப்டொப்புக்கு வந்துவிடும். அன்ட்ராய்ட் 9 முதல் சாதாரண எச்ரிரிபி (HTTP, மறையாக்கம் இல்லாத) இணைப்புகள் வழமையாகத் தடுக்கப்படுகின்றன. 10.0.2.2 க்கு மட்டும் விலக்கு எழுதியிருந்தால் 127.0.0.1 ஐயும் அதில் சேருங்கள்.

அப்புறம் சேர்வரை நிறுத்திவிட்டு ஒருதரம் திறந்து பாருங்கள். சந்தைக்குள் சிக்னல் விட்டால் அப்பாவுக்கு நடக்கப்போவது இதுதான். அப்போது செயலி மூடக்கூடாது, நேற்றைய விலையையாவது திகதியோடு காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அவரின் போனில் யூஎஸ்பி டிபக்கிங்கை நிறுத்திவிட்டே கொடுங்கள்.