மாடல் விமான இன்ஜின் திணறுகிறதா? நீடிலைக் கடைசியில் தொடுங்கள்

கே: 46 சைஸ் (0.46 கன அங்குலம்) டூ-ஸ்ட்ரோக் கிளோ இன்ஜின் (பிளக்கின் சிவந்த கம்பியால் மெத்தனால் எரிபொருளைப் பற்றவைக்கும் வகை). போன மாதம் வரை ஒரே சீராக ஓடியது. இப்போது ஃபுல் த்ராட்டிலில் வேகம் ஏறுகிறது, இறங்குகிறது. நீடிலை (எரிபொருள் அளவைத் திருத்தும் ஊசித் திருகை) எங்கே வைத்தாலும் நிலைக்கவில்லை.

ப: நீடிலை அப்படியே விட்டுவிடுங்கள். யாரும் தொடாத நீடில் தானாகக் கெட்டுப்போகாது. எந்த நிலையில் வைத்தாலும் பிடி கொடுக்கவில்லை என்றால் எங்கோ வேண்டாத காற்று உள்ளே போகிறது, இல்லாவிட்டால் எரிபொருள் விட்டுவிட்டு வருகிறது.

ஓடும்போது ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கான் டியூபைப் பாருங்கள். குமிழ்கள் ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். அதிலும் பெரும்பாலும் டேங்குக்குள் கிளங்க் (எரிபொருளை உறிஞ்சும் முனையில் உள்ள எடைத் துண்டு) தொங்கும் அந்தச் சின்ன டியூபில்தான். பித்தளைக் குழாயின் வெட்டிய விளிம்பு கூராக இருந்தால், டியூபை அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெளிப்பார்வைக்குத் தெரியாது. டேங்க் நிறைந்திருக்கும்வரை ஓட்டை எரிபொருளில் மூழ்கியிருப்பதால் இன்ஜின் நன்றாகவே ஓடும். பாதி டேங்க் ஆனதும் ஓட்டை வெளியே வந்து காற்றை இழுக்கும், தடுமாற்றம் தொடங்கும். டியூபைக் கழற்றி ஒரு முனையை விரலால் அடைத்து, மறு முனையில் காலி சிரிஞ்சால் காற்றை அழுத்தித் தண்ணீரில் முக்கினால் தெரிந்துவிடும். புது டியூப் போடும் முன் குழாய் விளிம்பைச் சிறு அரத்தால் மழுக்குங்கள். மூக்கு மோதி இறங்கிய விமானமாக இருந்தால், கிளங்க் முன்பக்கம் மடங்கிச் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டியூப் நன்றாக இருந்தும் பொடிப்பொடியாக நுரை வந்தால் காரணம் அதிர்வு. டேங்க் விமானத்தின் கட்டையில் நேராக முட்டக் கூடாது. சுற்றிலும் 6 மி.மீ. ஸ்பாஞ்ச் வைத்து, ப்ரொப்பெல்லரையும் பேலன்ஸ் பாருங்கள்.

குமிழே இல்லையென்றால் காற்று கார்புரேட்டரிலோ அதற்கு அப்பாலோ நுழைகிறது. நீடில் மரையின் மேல், ஊசியையும் அதன் கூட்டையும் சேர்த்து மூடும்படி ஒரு துண்டு சிலிக்கான் டியூபைச் செருகி ஓட்டுங்கள். ஓட்டம் நிலைப்பட்டால் நீடிலின் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. அடுத்து கார்புரேட்டர் கழுத்தில் உள்ள ஓ-ரிங். அதை மாற்றிய பின் கார்புரேட்டரைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். கடைசியாக பேக்பிளேட் (இன்ஜினின் பின் மூடி) ஸ்க்ரூக்களைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள்.

இத்தனைக்கும் சரியாகவில்லையென்றால் நீடிலில் தூசு. மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு முழுதாகக் கழற்றி, சிரிஞ்சால் எரிபொருளைப் பாய்ச்சிக் கழுவிவிட்டு அதே சுற்றுக்குத் திருப்பி வையுங்கள்.

கே: கிளோ பேட்டரியை (பிளக்கைச் சூடேற்றும் பேட்டரியை) கழற்றியதும் ஐடிலிங் (த்ராட்டிலைக் குறைத்து மெதுவாக ஓடும்) வேகம் விழுகிறது. சில நேரம் நின்றே போகிறது.

ப: முதல் சந்தேகம் பிளக் மேல். பேட்டரியை எடுத்த பிறகு பிளக்கைச் சிவக்க வைத்திருப்பது எரியும் வெப்பமும், பிளாட்டினம் கம்பிமேல் மெத்தனால் ஆவி படும்போது நடக்கும் வினையும்தான். கம்பி மங்கி வெளுத்துப்போனால் அந்த வினை மட்டுப்படும். பேட்டரியில் பளிச்சென்று எரிகிறதே என்று நம்ப வேண்டாம். பழுதான பிளக்கும் பேட்டரியில் எரியும். புது பிளக் போட்டுப் பார்ப்பதுதான் விலை குறைந்த சோதனை. பிளக்குக்குக் கொடுக்க வேண்டியது 1.2 முதல் 1.5 வோல்ட் மட்டுமே.

புது பிளக்கிலும் இதே கதை என்றால் ஐடில் கலவை ரிச் (எரிபொருள் அதிகம்). அடுத்த பதிலைப் பாருங்கள்.

கே: ஐடிலில் நிற்கிறது, ஃபுல் த்ராட்டிலும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஐடிலிலிருந்து சட்டென்று த்ராட்டில் கொடுத்தால் மூச்சடைத்துப் போகிறது.

ப: ஹை-ஸ்பீடு நீடிலை (ஃபுல் த்ராட்டில் கலவைக்கானது) சரிசெய்யாமல் ஐடில் ஸ்க்ரூவை (ஐடில் கலவைக்கானது) தொடக் கூடாது. இந்த வரிசை தவறினால் நாள் முழுக்கத் திருகலாம். ஃபுல் த்ராட்டிலில் உச்ச வேகம் கண்டு, அதிலிருந்து 300 ஆர்.பி.எம். அளவுக்கு ரிச் பக்கம் திருப்புங்கள். பிறகு அரை நிமிடம் ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்கு அருகே டியூபை விரலால் நசுக்குங்கள். உடனே நின்றால் லீன் (எரிபொருள் குறைவு). வேகம் நன்றாக ஏறி வெகுநேரம் ஓடிய பின் நின்றால் ரிச். இரண்டு மூன்று விநாடி ஓடி, லேசாக ஏறி நின்றால் சரி.

காதாலும் கண்டுபிடிக்கலாம்: குமுறிப் புகை கக்கி மெதுவாக எழுந்தால் ரிச், சத்தமில்லாமல் பொட்டென்று நின்றால் லீன்.

திருகும் திசையில் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு நீடில் உள்ள கார்புரேட்டரில் ஐடில் ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினால் லீன். முன்புறம் சிறு காற்றுத்துளை உள்ள ஏர்-பிளீட் வகையில் உள்ளே முடுக்கினால் காற்று அடைபட்டு ரிச். எந்த வகை என்று பார்த்துவிட்டு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள், சுழலும் ப்ரொப்பெல்லர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவருக்கு வேலையில்லை.

கே: தரையில் குறையே இல்லை. செங்குத்தாக ஏறும்போது வேகம் குறைந்து நின்றுவிடுகிறது.

ப: மூக்கு மேலே போனதும் எரிபொருள் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கிறது, கலவை லீன் ஆகிறது. பறக்கும்போது ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்து வேகம் கூடுவதும் லீன் பக்கமே தள்ளும். அதனால் தரையில் உச்ச வேகத்தில் விட்ட நீடில் மேலே போனதும் காலை வாரும். ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்து, ஃபுல் த்ராட்டிலில் மூக்கை வானத்துக்குத் தூக்கட்டும். வேகம் துளி ஏறலாம், தொய்யக் கூடாது.

தொய்ந்தால் நீடிலைக் கொஞ்சம் திறங்கள். அப்படியும் தீராவிட்டால் டேங்க் உயரத்தை அளந்து பாருங்கள். டேங்கின் நடுக்கோடு நீடிலின் மட்டத்துக்கு 6 முதல் 10 மி.மீ. கீழே இருக்க வேண்டும். மஃப்ளரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் தரும் நிப்பிள் கரியால் அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பி விட்டும் பாருங்கள்.

கே: புது இன்ஜினை முதல் சில டேங்க் நல்ல ரிச்சாக ஓட்டச் சொல்கிறார்கள். சரியா?

ப: ரிங் உள்ள பிஸ்டனுக்குச் சரி. ஏ.பி.சி. வகைக்கு (ரிங் இல்லாத அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை லைனர்) அது கெடுதல். அதன் லைனர் (சிலிண்டரின் உள் உறை) மேலே சற்றே குறுகலாக இருக்கும், சூடேறி விரிந்தால்தான் பிஸ்டனுக்கு இடம் கிடைக்கும். குளிரக் குளிர ரிச்சாக ஓட்டினால் பொருத்தம் தேய்ந்துபோகும். இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுங்கள். உச்சத்துக்குச் சற்று ரிச்சாக இருந்தால் போதும்.

கே: ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் படாரென்று உதைத்து ப்ரொப்பெல்லர் நட்டையே கழற்றிவிடுகிறது.

ப: லீன். உடனே நீடிலைத் திறங்கள், ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு உரிய எஃப் வகை பிளக் இருக்கிறதா என்று பாருங்கள், லாக் நட் இல்லாமல் ஓட்டாதீர்கள். வால்வு இடைவெளியை இன்ஜின் ஆறிய பிறகு அளக்க வேண்டும். ஓ.எஸ். நிறுவன இன்ஜின்களுக்கு 0.04 முதல் 0.10 மி.மீ.

கே: மிச்சமிருந்த பழைய எரிபொருளை ஊற்றினேன். எதற்கும் அசையவில்லை.

ப: மூடி தளர்ந்த கேனில் மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வடிகட்டினாலும் அந்தத் தண்ணீர் போகாது. புதுக் கேனில் சோதித்து, அதில் ஓடினால் பழையதை ஒதுக்கிவிடுங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் சேரும் விஷம், வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. கையுறையும் பக்கத்தில் தீயணைப்பானும் கட்டாயம்.