வேலையின்மைக் கணக்கும் அதிபர் தேர்தலும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்காவில் வேலையின்மை 7.2 சதவீதத்தைத் தாண்டினால் பதவியில் இருக்கும் அதிபர் தோற்றுவிடுவார் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: 2012 வரை அப்படி ஒரு பேச்சு பலமாக இருந்தது. அந்த ஆண்டு வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்னால் வெளியான எண் 7.9. ஒபாமா ஜெயித்தார், பேச்சும் ஓய்ந்தது.

எண்ணின் உயரத்தைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே வாக்காளர் மனசில் படுகிறது. 1982 கடைசியில் 10.8 ஆக இருந்த வேலையின்மை 1984இல் தேர்தல் நடந்த நவம்பரில் 7.2க்கு இறங்கியிருந்தது. ரீகன் 50 மாநிலங்களில் 49ஐ அள்ளினார். 1992 அக்டோபரிலும் கிட்டத்தட்ட அதே எண்தான். ஆனால் மூத்த புஷ் பதவியேற்ற 1989 ஜனவரியில் அது 5.4. ஏறியிருந்ததால் மக்கள் மன்னிக்கவில்லை. கார்ட்டருக்கும் 1980இல் அதே கதை: ஜனவரியில் 6.3, அக்டோபரில் 7.5.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2020 ஏப்ரலில் 14.7 ஆகத் தாவிய எண் அக்டோபரில் 6.9க்கு இறங்கியும் டிரம்ப் தோற்றார். கொரோனாவுக்கு முன், பிப்ரவரியில் இருந்த 3.5 மக்களுக்கு மறந்துபோகவில்லை. நோயை அரசு கையாண்ட விதமும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: வீட்டில் பீடி சுற்றுகிறேன். கடையில் இலையும் தூளும் கொடுத்தால்தான் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்கிறேன். கணக்கில் நான் எந்தப் பக்கம்? (வாசகி, முக்கூடல்)

பதில்: வேலை உள்ளவர் பக்கம். நம் நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அந்த வாரக் கணக்கில் வேலை உள்ளவர்தான். அமெரிக்காவிலும் அந்த வாரத்தில் கூலிக்கு ஒரு மணி நேரம் உழைத்தால் போதும்.

உங்கள் குறை எண்ணில் ஏறாது; ஆனால் வாக்குச்சாவடிக்கு உங்களோடு வரும். ஆட்சியாளர்கள் ‘வேலையின்மை குறைந்துவிட்டது’ என்று மேடையில் சொல்லியும் கைதட்டல் எழாமல் போவதற்கு இது பெரிய காரணம். அமெரிக்காவில் இதற்காகவே விரிந்த கணக்கு ஒன்று தனியாக வெளியாகிறது. முழுநேர வேலை கிடைக்காமல் அரைநேரம் பார்ப்பவர்களும், வேலை வேண்டும் என்றாலும் தேடுவதை நிறுத்திவிட்டவர்களும் அதில் உண்டு. வழக்கமான எண்ணைப்போல் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். பத்திரிகைகள் அதைத் தலைப்பில் போடுவதில்லை. போட வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: 2024இல் அமெரிக்காவில் வேலையின்மை வெறும் 4.1 தானே? ஆளும் கட்சி ஏன் தோற்றது? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: விலைவாசி. வேலையின்மை நூறில் நாலு பேரை நேராகச் சுடும். விலையேற்றம் நூறு பேரையும் சுடும். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு. பிறகு பணவீக்கம் தணிந்தது. ஏறிய விலை ஏறியபடியே நின்றது. முட்டையும் வாடகையும் பழைய விலைக்குத் திரும்பாதபோது 4.1ஐக் காட்டி ஓட்டுக் கேட்டால் எடுபடாது. கட்சிப் பற்றும் கண்ணை மறைக்கும்: ஆட்சி மாறிய உடனே ஒரு கட்சிக்காரர்களுக்குப் பொருளாதாரம் தேறியதாகவும் மற்றவர்களுக்குக் கெட்டதாகவும் தோன்றுவதை அங்கே கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

கேள்வி: திருநெல்வேலி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டைப் பார்த்தால் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வேலையில்லை என்று தெரிந்துவிடாதா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: தெரியாது. அரசு வேலையை எதிர்பார்த்துப் பதிந்துவிட்டுத் தனியாரில் சம்பளம் வாங்குபவர்களும், இன்னும் படிப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். பதியாமலே வேலை தேடுகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் இந்த எண் வந்தால் எப்படிப் படிப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சேரன்மகாதேவி)

பதில்: அமெரிக்க எண் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரும், சுமார் 60,000 வீடுகளில் விசாரித்து. மாதிரிக் கணக்கு என்பதால் 0.1 கூடினாலும் குறைந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். மூன்று மாதமாவது ஒரே பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, எண் ஏன் இறங்கியது என்று கேளுங்கள். ஓர் ஊரில் 570 பேர் வேலையில், 30 பேர் தேடலில் என்றால், 600இல் 30. வேலையின்மை 5 சதவீதம். தேடியவர்களில் பத்துப் பேர் அலுத்துப்போய் விட்டுவிட்டால் 590இல் 20, அதாவது 3.4. ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, எண் மட்டும் அழகாகிவிட்டது. ஆகவே உழைக்கும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண் வெளியாகும் தேதியும் முக்கியம். நம் நாட்டில் 2017-18க்கான 6.1 சதவீதம் 2019 ஜனவரியிலேயே பத்திரிகையில் கசிந்தது. அரசு முறைப்படி வெளியிட்டது மே 31இல், மக்களவைத் தேர்தல் முடிவு வந்து எட்டு நாள் கழித்து. 2025 மே முதல் இங்கேயும் மாதந்தோறும் எண் வருகிறது. அடுத்த தேர்தல் வரை வரும் எண்களை இப்போதிருந்தே ஒரு நோட்டில் குறித்து வரலாம்.