ரசாயனத் தாக்குதல்: காயம் ஆறிய பிறகும் உடம்பில் நடப்பது – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஈரான்–ஈராக் போரில் மஸ்டர்ட் வாயு பட்ட பொதுமக்கள் இன்றும் மூச்சுத்திணறலோடு வாழ்கிறார்கள் என்று படித்தேன். அன்று தோலில் கொப்புளம்கூட வராதவர்களுக்கும் பின்னாளில் பாதிப்பு வருமா?

பதில்: வரும். 1987 ஜூன் 28 அன்று ஈரானின் சர்தஷ்த் நகரிலும், 1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் ஹலப்ஜாவிலும் குண்டு விழுந்தது குடியிருப்புகளில்தான். வாயு என்று சொல்கிறோமே தவிர, மஸ்டர்ட் என்பது எண்ணெய் போன்ற திரவம். நுண்துளிகளாகத் தெறித்து மெல்ல ஆவியாகும். பட்டவுடன் வலிக்காது. சில நிமிடங்களில் உடலின் செல்களுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஆனால் எரிச்சலும் சிவப்பும் தெரிய 2 முதல் 24 மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி, நனைந்த உடையோடு இருந்துவிட்டவர்கள் இன்னும் கூடுதலாக நச்சை வாங்கிக்கொண்டார்கள். தோல் தப்பித்தாலும் சுவாசித்த ஆவி நுண்ணிய மூச்சுக்குழல்களைப் புண்ணாக்கியிருக்கலாம். அன்று பெரிதாக எதுவும் தெரியாதவர்களிடமும் பின்னாளில் நுரையீரல் பாதிப்பு காணப்பட்டிருக்கிறது.

கேள்வி: பாதிக்கப்பட்ட ஒருவருக்கு எக்ஸ்-ரே நார்மல் என்கிறார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மனப்பிரச்சினை என்று சொல்லிவிட்டார்களாம். சரியா?

பதில்: தவறு. இப்படிச் சொல்லித்தான் பலர் பல ஆண்டுகள் சிகிச்சையின்றி விடப்படுகிறார்கள். 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுவதே இவர்களின் முக்கியச் சிக்கல். சாதாரண எக்ஸ்-ரேயில் அது தெரியாமல் போகலாம். உயர் துல்லிய சி.டி. ஸ்கேனை இரண்டு முறை எடுக்க வேண்டும்: மூச்சை உள்ளிழுத்து ஒன்று, முழுதாக வெளியே விட்டு ஒன்று. வெளியே விட்ட படத்தில் நுரையீரல் முழுவதும் சாம்பல் நிறத்துக்கு மாற வேண்டும். அடைபட்ட இடங்களில் காற்று வெளியேற வழியில்லாததால் அங்கங்கே கறுப்புத் திட்டுகள் அப்படியே நிற்கும். உள்ளிழுத்த நிலையில் மட்டும் எடுத்தால் இந்தத் திட்டுகள் கண்ணில் படாமலே போய்விடும். ஸ்கேன் எழுதித்தரும்போதே இதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். கூடவே, ஊதச் சொல்லி மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் செய்ய வேண்டும்.

தழும்பைக் கரைக்கும் மருந்து இல்லை. ஸ்டீராய்டும் நீண்டநேரம் வேலைசெய்யும் மூச்சுக்குழல் விரிப்பானும் சேர்ந்த இன்ஹேலர் பலருக்கு உதவுகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் வாயில் பூஞ்சைப் புண் வரும். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்வது ஆபத்து: எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் அவசியம், ஏனெனில் ஒவ்வொரு சளித்தொற்றும் மிச்சமிருக்கும் கொள்ளளவில் கைவைக்கிறது. புகைபிடித்தலை விட்டே ஆக வேண்டும். மஸ்டர்ட் தானே புற்றுநோயை உண்டாக்குவது. ஜப்பானின் ஓகுனோஷிமா தீவில் அதைத் தயாரித்த தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மூச்சை இழுக்கும்போது கரகரப்பு இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: கண் அன்றே சரியாகிவிட்டது. 25 ஆண்டுகள் கழித்து எப்படி மங்கும்?

பதில்: கருவிழியின் ஓரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய வளையத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோலை வாழ்நாள் முழுவதும் புதுப்பிப்பவை அவைதான். மஸ்டர்ட் அவற்றில் ஒரு பகுதியை அழித்துவிடும். மிஞ்சியவை சில காலம் ஈடுகொடுக்கும். அவையும் தளரும்போது மேல்தோல் திரும்பத் திரும்ப உரியும், ரத்த நாளங்கள் கருவிழிக்குள் ஊர்ந்து வரும், கண் கூசும், மங்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. கடுமையாகக் கண் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு ஆகும்.

முதலில் பதப்படுத்தும் ரசாயனம் சேராத கண்ணீர் சொட்டு மருந்து. பதப்படுத்தி சேர்ந்ததை ஒரு நாளில் பலமுறை விட்டால் புண் இன்னும் மோசமாகும். போதாவிட்டால் கண்ணீர் வடியும் துளையில் சிறு அடைப்பான் வைப்பார்கள். அடுத்து, இமையோரத்தில் கொஞ்சம் தைத்துக் கண் திறப்பைக் குறுக்குவார்கள். ஸ்டெம் செல் பற்றாக்குறையைச் சரிசெய்யாமல் கருவிழியை மட்டும் மாற்றினால், புதிய கருவிழியும் அதே வழியில் கெடும். முதலில் ஸ்டெம் செல் மாற்று, பிறகுதான் கருவிழி.

கேள்வி: நச்சு உடம்பிலேயே தங்கி வீட்டாருக்குப் பரவுமா?

பதில்: மஸ்டர்டும், நரம்புகளைத் தாக்கும் சாரின் என்ற நச்சும் தங்குவதில்லை. தாக்குதல் நாளன்று உடை, தலைமுடி வழியாக உதவ வந்தவருக்கு ஒட்டலாம். ஆண்டுகள் கழித்துத் தொட்டுப் பழகுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால் எதுவும் பரவாது. தோலின் கரும்புள்ளிகளும் வெண்திட்டுகளும் தொற்றுநோய் அல்ல. வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் இருந்த டையாக்ஸின் என்ற நச்சு வேறு ரகம். கொழுப்பில் சேர்ந்து, பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் எடுக்கும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும்.

கேள்வி: 1995 மார்ச் 20 டோக்கியோ சுரங்க ரயில் சாரின் தாக்குதலில் தப்பியவர்கள் முழுதாகக் குணமாகிவிட்டார்களா?

பதில்: பலர் தேறினார்கள். கண் சோர்வு, ஞாபகக் குறைவு, தூக்கத்தில் அந்த நாளே திரும்ப வருவது ஆகியவை பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தன. வலிப்பு வந்தோ மூச்சு நின்றோ பிழைத்தவர்களுக்கு மூளை பாதிப்பே மிஞ்சலாம். இவர்களுக்குக் கண் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்தே வேண்டும்.

கேள்வி: இத்தகைய நோயாளியைப் பார்த்திராத மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

பதில்: ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: தாக்குதல் தேதி, இடம், குண்டிலிருந்து எவ்வளவு தூரம், உள்ளே இருந்தாரா வெளியிலா, பூண்டு அல்லது கடுகு நெடி வந்ததா, முதல் எரிச்சல் எத்தனை மணி நேரத்தில், எப்போது குளித்தார், எத்தனை நாள் மருத்துவமனையில். எரிச்சல் தொடங்கிய நேரம் முக்கியம். உடனே மூச்சடைத்துக் கண்பாவை சுருங்கியது என்றால் சாரின் போன்ற நரம்பு நச்சு, மணிக்கணக்கில் தாமதித்துச் சிவந்தது என்றால் மஸ்டர்ட் என்று அதை வைத்தே அனுமானிக்கலாம். பழைய ஸ்பைரோமெட்ரி தாள்களையும் தூக்கிப் போடாமல் தேதி வாரியாகச் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். நுரையீரல் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பது அவற்றை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.