நோய் அடங்கிவிட்டது, கால் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு 56 வயது. சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்குச் சில வருடங்களாக நிலோடினிப் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பி.சி.ஆர். அறிக்கை நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச தூரம் நடந்தாலே இடது ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது. நின்றால் சரியாகிவிடுகிறது. ரத்தம் உறைந்திருக்குமோ என்று மகன் பயப்படுகிறான். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம், வயதானால் வருகிற வலிதானே என்று இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

‘நின்றால் சரியாகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். சிரையில் ரத்தம் உறைந்தால் பெரும்பாலும் கால் வீங்கும், சூடாக இருக்கும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலிக்கும். நடந்தால் வந்து, நின்றால் விடுகிற வலி என்றால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நோய் அடங்கிய பிறகு இது ஏன்? வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கும் ஆரம்பக் கட்டத்தில் நோயே குழாய்களை அடைக்கலாம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது என் சந்தேகம் மாத்திரை மீதுதான். நிலோடினிப் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், தமனிச் சுவரையும் பாதிக்கும். இதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான இமாட்டினிப்புடன் ஒப்பிட்ட 10 வருட ஆய்வில், 300 மில்லிகிராம் இருவேளை சாப்பிட்டவர்களில் 16.5 சதவீதம் பேருக்கு இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது. இமாட்டினிப்பில் 3.6 சதவீதம். இதே வகையைச் சேர்ந்த பொனாட்டினிப் மாத்திரையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2013-ல் அமெரிக்காவில் அதன் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் வந்தால் நான் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேலேயும் கணுக்காலின் உட்பக்கமும் விரல் வைத்து நாடி பார்ப்பேன். ஒரு காலில் துடிப்பு மங்கலாக இருந்தால், கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவோம். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-ம் அதற்குக் கீழும் வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். இவற்றை நீங்களே கேட்டு வாங்குங்கள். கூடவே சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடைப்பு உறுதியானால் வழிகள் இருக்கின்றன. வேறு மாத்திரைக்கு மாறலாம். பல வருடமாக பி.சி.ஆர். மிகக் குறைவாகவே இருந்தால், டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் முதல் ஆறு மாதம் மாதாமாதம் பி.சி.ஆர். எடுத்தாக வேண்டும், ஏனென்றால் நோய் திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில்தான் திரும்புகிறது. சரி, ஆஸ்பிரின்? யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். நாளை இதே நோய்க்கான டாசாட்டினிப் மாத்திரைக்கு மாற்றினால், ஆஸ்பிரினும் சேர்ந்து ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சில கொழுப்பு மாத்திரைகளும் நிலோடினிப்போடு ஒத்துப்போகாது, இதய டாக்டரிடம் இதன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தாலோ, நெஞ்சு இறுக்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.