ஓ.டபிள்யூ.சி.பி. இழப்பீடு வாங்குபவருக்கு டிசெபிலிட்டி பென்ஷனும் உண்டா?

கேள்வி: அமெரிக்க அஞ்சல் துறையில் 9 ஆண்டுகளாகக் கடிதம் விநியோகிக்கிறேன், ஃபெர்ஸ் (மத்திய அரசு ஊழியர் ஓய்வூதிய) திட்டத்தில் இருக்கிறேன். பணியில் முதுகில் அடிபட்டதற்கு ஓ.டபிள்யூ.சி.பி. (தொழிலாளர் துறையின் பணிக்காய இழப்பீட்டு அலுவலகம்) தரும் இழப்பீடு வருகிறது. இடது கால் மரத்துப்போகிறது. டிசெபிலிட்டி பென்ஷனுக்கு (உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவருக்கான ஓய்வூதியம்) விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் வாங்கலாமா?

பதில்: ஒரே காலத்துக்குச் சம்பள இழப்பீடு, பென்ஷன் இரண்டும் கிடைக்காது. ஆனாலும் பென்ஷனுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது அனுமதியானதும், இழப்பீட்டையே தேர்ந்தெடுப்பதாக எழுதிக்கொடுக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் மாதம் 5,000 டாலர், அதிகச் சம்பளம் வாங்கிய மூன்றாண்டுகளின் சராசரியும் அதுவே என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் உங்களைச் சார்ந்திருந்தால் இழப்பீடு 75%, அதாவது 3,750. வருமான வரி கிடையாது. யாரும் சாராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. பென்ஷன் முதல் ஆண்டு 60%, அதாவது 3,000. அதில் சோஷியல் செக்யூரிட்டி ஊனத்தொகை முழுவதும் கழியும். அது 1,800 என்றால் ஓ.பி.எம். (பென்ஷன் வழங்கும் மத்திய பணியாளர் அலுவலகம்) தருவது 1,200தான். அடுத்த ஆண்டிலிருந்து 62 வயது வரை 40%, அதாவது 2,000. ஊனத்தொகையில் 60% கழிந்து ஓ.பி.எம். தருவது 920. இதற்கு வரியும் உண்டு.

பிறகு பென்ஷன் எதற்கு? ஓ.டபிள்யூ.சி.பி. அனுப்பும் மருத்துவர் ‘குணமாகிவிட்டது’ என்றோ ‘வேறு வேலை பார்க்கலாம்’ என்றோ எழுதினால் இழப்பீடு நிற்கும் அல்லது குறையும். அன்று போய் நிற்க ஓர் இடம் வேண்டும். பலர் ஏமாறுவது கெடுவில்தான்: பணியிலிருந்து விலக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பம் ஓ.பி.எம்.-இடம் சேர்ந்திருக்க வேண்டும். இழப்பீடு வந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் கெடு நீளாது. விலக்கல் கடிதம் வந்ததா என்று பழைய தபால்களை இன்றே தேடுங்கள். எஸ்.எஃப். 3107, 3112 ஆகிய இரண்டு படிவங்களும் தேவை. விலகி 31 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் நேராக ஓ.பி.எம்.-க்கே அனுப்புங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பித்த ரசீதும் கேட்பார்கள். குறைந்தபட்சப் பணிக்காலம் 18 மாதம். உங்களுக்கு அது தடையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: ‘ஷெட்யூல் அவார்டு’ என்பது உறுப்பின் நிரந்தரச் செயலிழப்புக்கான தொகை. இதைப் பென்ஷனோடு சேர்த்தே வாங்கலாம். முதுகெலும்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முதுகு நரம்பால் கால் பலவீனமானால் காலுக்குத் தருவார்கள். முழுக் காலுக்கு 288 வாரம். 10% இழப்பென்றால் 28.8 வாரம். மருத்துவர் ஏ.எம்.ஏ. கைட்ஸ் (செயலிழப்பை அளவிடும் அமெரிக்க மருத்துவச் சங்கக் கையேடு) ஆறாம் பதிப்புப்படி, காலுக்கென்று சதவீதம் எழுத வேண்டும். ‘முதுகில் 15%’ என்று எழுதிய அறிக்கை உதவாது.

சோஷியல் செக்யூரிட்டி நிலுவை மொத்தமாக வந்தால் தொடாதீர்கள். பென்ஷன் வாங்கிய மாதங்களுக்கு ஓ.பி.எம். பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருப்பிக் கேட்கும். இழப்பீடு வாங்கினாலும், அதுவும் ஊனத்தொகையும் சேர்ந்து முந்தைய சராசரிச் சம்பாத்தியத்தில் 80%-ஐத் தாண்டினால் ஊனத்தொகை குறையும். அதனால் இழப்பீட்டு விவரத்தைச் சோஷியல் செக்யூரிட்டியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.